கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி: கீமோ தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

கடிதம் எழுதியிருப்பவர் 29 வயது மகள். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டு இரண்டு மாதங்களுக்கு முன் பெருங்குடலின் இடப்பக்கக் கடைசி வளைவில் புற்றுநோய் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். கூடவே எடுத்த 22 நிணநீர் முடிச்சுகளில் 2-இல் நோய் இருந்ததால், ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையுமாக 8 சுற்று கீமோ கொடுத்தார்கள். இன்றும் பாதம் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் சில நேரம் தெரிவதில்லை என்கிறார்.

அறுவைக்கு முன் 18 ஆக இருந்த சி.இ.ஏ. (குடல் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு பிறகு 2.1-க்கு இறங்கியது. கடந்த ஆறு மாதத்தில் 2.4, 5.9, 14 என்று ஏறியிருக்கிறது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கம், ஆறாவது பிரிவில், 2.3 செ.மீ. அளவில் ஒரு புள்ளி. பெட் ஸ்கேனில் அது மட்டும் ஒளிர்கிறது. வலது நுரையீரலில் 4 மி.மீ. அளவில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது, அது ஒளிரவில்லை. ஒரு மருத்துவர் முதலில் பயாப்ஸி, அதாவது ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்ப்பது, என்கிறார். இன்னொரு மருத்துவமனையில் வரும் திங்கட்கிழமை கீமோவுக்கு நாள் குறித்துவிட்டார்கள்: ஆறு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாமாம். ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. ஸ்டேஜ் நான்கு என்றால் ஆறு மாதம்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் கல்லீரலில் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். மகளின் கேள்வி: “ஒரே ஒரு புள்ளிதானே டாக்டர், அதை லேசர் வைத்துச் சுட்டுவிட முடியாதா? எதற்கு ஆறு மாதக் கீமோ?”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் பயாப்ஸி, பெட், கீமோ, லேசர் எல்லாம் வருகின்றன. கல்லீரல் அறுவை நிபுணர் என்ற சொல் மட்டும் எங்கும் வரவில்லை. அப்பாவின் படங்களை அப்படி ஒருவர் இதுவரை பார்க்கவே இல்லை என்றால், இப்போதைய முதல் வேலை அதுதான். புள்ளியை வெட்டி எடுக்க முடியுமா, முடியாதா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர். கீமோ கொடுக்கும் நாங்கள் அதை ஊகித்துச் சொல்லக் கூடாது. கீமோவின் முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் அவருடைய கருத்து கையில் இருக்க வேண்டும். ஏன் “முன்” என்று அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன், அந்த “ஆறு மாதம்”. நான்காம் நிலை என்பது நோய் பிறந்த இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் போயிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். வயிறு முழுக்கப் பரவியவரும், கல்லீரலின் ஓரத்தில் ஒரே புள்ளி உள்ளவரும் ஒரே எண்ணைத்தான் பெறுகிறார்கள். இருவரின் பாதையும் வேறு. ஹெல்மன், வைக்செல்பாம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1995-இல் இந்த இடைநிலைக்குத் தனிப் பெயரே வைத்தார்கள்: ஆலிகோமெட்டாஸ்டாசிஸ், அதாவது எண்ணிச் சொல்லக்கூடிய சில பரவல்கள். ஒன்று முதல் ஐந்து வரை என்பது இன்றைய பொதுவான வரையறை. பெருங்குடலில் இருந்து கல்லீரலுக்குப் போன நோய்க்கு இந்தக் கருத்து மற்ற எந்தப் புற்றுநோயைவிடவும் நன்றாகப் பொருந்துகிறது. குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே வடிகட்டப்பட்டு நின்றுபோன செல்கள், வேறெங்கும் போகாமல், அங்கேயே வளர்வது உண்டு.

உங்கள் அப்பாவின் எண்களைப் பழைய மதிப்பெண் முறை ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். 1999-இல் ஃபாங் என்ற அறுவை நிபுணரின் குழு, கல்லீரல் அறுவை செய்துகொண்ட 1001 பேரை வைத்து உருவாக்கியது அது. ஐந்து கேள்விகள், ஒவ்வொரு “ஆம்”-க்கும் ஒரு மதிப்பெண். முதல் கட்டியில் நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்ததா? ஆம், 1. ஓராண்டுக்குள் பரவல் வந்ததா? இல்லை, இரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளா? இல்லை. 5 செ.மீ.க்கு மேலா? இல்லை. சி.இ.ஏ. 200-க்கு மேலா? இல்லை. மொத்தம் 1. அந்தத் தொகுப்பில் 1 மதிப்பெண் பெற்றவர்களில் அறுவைக்குப் பிறகு ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 44 விழுக்காடு. மருந்துகளும் ஸ்கேன்களும் இன்றைய அளவுக்கு வளராத காலத்தின் கணக்கு அது.

நல்ல பக்கத்தை மட்டும் காட்டி நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. கல்லீரல் பரவலை எடுத்த பிறகும் மூவரில் இருவருக்கு நோய் எங்காவது மறுபடி தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். 2007-இல் வெளியான ஒரு கணக்கில், கல்லீரல் அறுவை செய்துகொண்ட 612 பேரில் 102 பேர் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். ஆறில் ஒருவர். நான்காம் நிலையில் அந்த ஆறில் ஒன்று சிறிய எண் இல்லை. ஆனாலும் “சுட்டுவிட்டால் முடிந்தது” என்று நம்பி இறங்குபவர்கள் அடுத்த ஸ்கேனில் நொறுங்கிப்போகிறார்கள். அந்த நிலை உங்கள் வீட்டில் வரக் கூடாது என்பதற்காகவே இந்த எண்ணையும் எழுதுகிறேன்.

அது ஒன்றுதானா?

“பெட் ஸ்கேனில் ஒன்றுதான் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று என்று அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும். சுமார் 8 மி.மீ.க்குக் கீழே அதன் பார்வை மங்கும். சளி போன்ற பசையைச் சுரக்கும் வகைக் கட்டிகள் அளவில் பெரிதாக இருந்தும் ஒளிராமல் போகலாம். கீமோ நடந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் உயிருள்ள கட்டியும் அணைந்த விளக்கு மாதிரி தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: காசநோய்த் தழும்பு, சீழ், அறுவைக்குப் பின் ஆறாத இடம் எல்லாமே ஒளிரும். அப்பா சாப்பிடும் மெட்ஃபார்மின் குடல் முழுக்க ஒளியை ஏற்றிவிடும். பழைய தையல் பக்கத்தில் ஏதாவது இருந்தால் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடலாம். அடுத்த முறை பெட் எடுப்பதற்கு முன், மெட்ஃபார்மினை எத்தனை நாள் நிறுத்துவது, இடையில் சர்க்கரையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கல்லீரலுக்குள் எத்தனை என்று எண்ணுவதற்கு இன்று இருப்பதில் கூர்மையான கண், கல்லீரல் செல்களே உறிஞ்சும் வகை மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அந்த மருந்தின் பெயர் கேடாக்ஸடேட். ஊசி போட்டு ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல கல்லீரல் வெள்ளையாக மின்னும். குடலில் இருந்து வந்த செல்களுக்கு அந்த மருந்தை உறிஞ்சத் தெரியாது என்பதால் பரவல் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். சி.டி.யில் தப்பிய 5, 6 மி.மீ. புள்ளிகள்கூட இதில் பிடிபடுவது உண்டு. ஆக்சாலிபிளாட்டின் வாங்கிய கல்லீரலில், ரத்த ஓட்டம் மாறியதால், புற்றுநோய் இல்லாத சாதாரண முடிச்சுகளும் உருவாகும். அவை இந்த மருந்தை உறிஞ்சிக்கொண்டு வெள்ளையாகவே நிற்கும். பரவலையும் அவற்றையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி இருக்கும் கொழுப்பேறிய கல்லீரலில் சி.டி. தடுமாறும், அந்தக் காரணத்துக்காகவும் உங்கள் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. தேவை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் படமே இதனால் கெட்டுப்போகிறது: ஒவ்வொரு தொடர் படத்துக்கும் 15 முதல் 20 நொடி மூச்சை அடக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் பாதியில் விட்டுவிடுவார், படம் கலங்கிவிடும், அறிக்கையில் “தெளிவில்லை” என்று வரும். வீட்டில் இரண்டு நாள், மூச்சை மெல்ல வெளியே விட்டு அப்படியே நிறுத்திப் பழகச் சொல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

நுரையீரலின் 4 மி.மீ. முடிச்சு உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. அது ஒளிரவில்லை என்பதால் நிம்மதி அடையவும் முடியாது, பயப்படவும் காரணம் இல்லை; அந்த அளவைப் பெட் பார்க்கவே பார்க்காது. இவ்வளவு சிறிய முடிச்சுகள் நிறைய பேருக்கு உண்டு, பல பழைய தொற்றின் தழும்புகள். செய்ய வேண்டியது, இரண்டு ஆண்டுக்கு முந்தைய சி.டி.யை எடுத்து அதே இடத்தைப் பார்ப்பது. அன்றும் 4 மி.மீ. இருந்ததென்றால் அதை ஏறக்குறைய மறந்துவிடலாம். புதிதென்றால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்போம். இதைக் காட்டி யாராவது கல்லீரல் அறுவையை மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். உண்மையிலேயே நுரையீரல் பரவலாக இருந்தாலும், ஒன்றிரண்டு என்றால் அதையும் தனியே கையாள வழி உண்டு.

கடைசியாகப் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை எப்போது செய்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இப்போதே செய்துகொள்ளட்டும். குடல் தையலில் நோய் திரும்பியிருக்கும்போது கல்லீரலை மட்டும் சுத்தம் செய்வதில் பயனில்லை.

ஊசி குத்தினால் பரவுமா?

சித்தப்பா சொல்வதைப் பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். மார்பகம், நுரையீரல், நிணநீர் முடிச்சு என்று நாள்தோறும் நடக்கும் பயாப்ஸிகளில் ஊசி வழியே நோய் விதைக்கப்படுவது மிக அரிது. அந்தப் பயத்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போட்டுக் காலத்தை இழந்தவர்களே அதிகம்.

ஆனால் அறுவை செய்யக்கூடிய, பெருங்குடலில் இருந்து வந்த கல்லீரல் பரவல் என்பது விதிவிலக்கு; இந்த ஓர் இடத்தில் சித்தப்பாவின் பக்கம் மருத்துவமும் கொஞ்சம் நிற்கிறது. இந்தக் கட்டிகளில் ஊசி போன தடத்தில் நோய் முளைத்ததாக வந்த தொகுப்புகளில், பயாப்ஸி செய்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை என்ற அளவு பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கை சிறிய, பழைய தொகுப்புகள்தான். ஆனாலும் குணமாக்கும் நோக்கத்தோடு அறுவைக்குப் போகிறவருக்கு வயிற்றுச் சுவரில் இன்னொரு கட்டியை விதைப்பது வீண் ஆபத்து. அதற்கு ஈடாகக் கிடைப்பதும் அதிகம் இல்லை. முன்பு குடல் புற்றுநோய் இருந்தது, சி.இ.ஏ. தொடர்ந்து ஏறுகிறது, சி.டி.யும் பெட்டும் ஒத்துப்போகின்றன. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னால், பயாப்ஸியில் “புற்றுநோய் இல்லை” என்று வந்தாலும் ஊசி பக்கத்தில் குத்திவிட்டதோ என்ற சந்தேகத்தில் அறுவைக்குத்தான் போவோம். எந்த முடிவு வந்தாலும் அடுத்த அடி மாறாது என்றால் அந்தப் பரிசோதனை எதற்கு?

மருத்துவர் பயாப்ஸி கேட்டதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அறுவையே முடியாது, மருந்துதான் என்று முடிவானால் திசு ஆதாரம் வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் பரவலுக்குப் பொருந்தாமல் இருந்தாலும் வேண்டும். பிற புற்றுநோய்களில் ஒற்றைப் பரவலுக்கு ஊசி ஏறக்குறையக் கட்டாயம்: மார்பகப் புற்றுநோய் பரவும்போது அதன் ஹார்மோன் ஏற்பிகள் மாறியிருக்கலாம், மருந்தே மாறும். புகைபிடித்தவரின் நுரையீரலில் தனியாக ஒரு முடிச்சு என்றால் அது பரவலா, புதிதாகப் பிறந்த இன்னொரு புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். மூளையில் ஒற்றைப் பரவல் என்று நம்பி 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்ட 54 பேரில், திசுவை எடுத்துப் பார்த்தபோது 6 பேருக்கு அது பரவலே இல்லை. ஆகவே “பயாப்ஸி வேண்டாம்” என்பதை உங்கள் அப்பாவின் இந்தப் புள்ளிக்கு மட்டும், எம்.ஆர்.ஐ. முடிந்த பிறகு, அறுவை நிபுணரும் அப்படியே சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா இதை ஊருக்கெல்லாம் சொல்லக் கிளம்ப வேண்டாம்.

கீமோ முதலிலா, அறுவை முதலிலா?

உங்களுக்குப் புரியாமல் இருக்கும் பொறி இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதக் கீமோவில் புள்ளி மறைந்துவிட்டால் அறுவையே தேவைப்படாது என்று எழுதியிருக்கிறீர்கள். 2.3 செ.மீ. புள்ளி ஸ்கேனில் மறைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. மறைந்தது செத்துவிட்டது என்று பொருள் இல்லை. 2006-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், கீமோவுக்குப் பிறகு சி.டி.யில் காணாமல் போன 66 புள்ளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 55-இல் நோய் அங்கேயே மிச்சமிருந்தது, அல்லது விரைவில் அதே இடத்தில் திரும்பியது. படத்தில் மறைந்ததை அறுவை நிபுணர் மேசையில் விரலாலும் அல்ட்ராசவுண்டாலும் தேட வேண்டியிருக்கும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், எதை வெட்டுவது? தெரிந்தபோது எளிதாக எடுத்திருக்கக்கூடியது, தெரியாத இடத்தில் உயிரோடு இருக்கும். கீமோவுக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் என்று சொல்வதன் காரணமும் இதுவே: பிறகு எடுத்தால் வரைபடம் அழிந்த பிறகு வீடு தேடுகிற கதை.

இரண்டாவது, மருந்து கல்லீரலையும் சும்மா விடாது. ஆக்சாலிபிளாட்டின் அதன் நுண் ரத்த நாளங்களை அடைத்துக் கல்லீரலை நீலம்பாரிக்கச் செய்யும். இரினோடெக்கான் என்ற இன்னொரு கீமோ மருந்து கொழுப்பேற்றி வீங்கச் செய்யும். சுற்றுகள் ஏற ஏற, அறுவையில் ரத்தப்போக்கும் பிறகு கல்லீரல் தேறுவதில் தாமதமும் கூடும். அறுவைக்கு முன் கீமோ வேண்டும் என்றாலே இரண்டு, மூன்று மாதத்தோடு நிறுத்தி, நான்கு வாரம் இடைவெளி விட்டு அறுவைக்குப் போவது வழக்கம். கூடவே, கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைச் சேர்த்திருந்தால் காயம் ஆறாமல் போகும் என்பதால் அதற்கு ஐந்து, ஆறு வாரம். எடுக்கக்கூடிய ஒற்றைப் புள்ளிக்கு ஆறு மாதம் தொடர்ந்து போட்டுவிட்டுப் “பிறகு பார்க்கலாம்” என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அறுவையோடு கீமோ சேர்த்தால் ஆயுள் கூடுமா? 364 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் அறுவைக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது தள்ளிப்போனது. நீண்ட காலக் கணக்கில் மொத்த ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. ஜப்பானில் அறுவைக்குப் பின் மட்டும் கொடுத்துப் பார்த்த 300 பேர் ஆய்விலும் அதே முடிவு: நோயற்ற காலம் நீண்டது, ஆயுள் நீளவில்லை. புள்ளி ஒன்றே ஒன்று, சிறியது, இரண்டு ஆண்டு கழித்து வந்தது, முன்பே ஆக்சாலிபிளாட்டின் வாங்கியவர் என்ற சேர்க்கையில் என் சாய்வு நேரடி அறுவையின் பக்கம். பிறகு கீமோ வேண்டுமா என்பதை எடுத்த திசுவைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மறுபக்க வாதமும் உண்டு, அது பலவீனமானதும் இல்லை. இரண்டு மாதம் கீமோ கொடுத்துப் பார்த்தால் நோயின் குணம் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் இன்னும் நான்கு புள்ளி முளைத்தால் ஒரு வீண் அறுவையில் இருந்து அப்பா தப்பினார் என்பார்கள். சி.இ.ஏ. வேகமாக ஏறுகிறதே என்று அவர்கள் சுட்டிக்காட்டலாம். அப்படி ஓர் அறுவை நிபுணரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து, எத்தனை சுற்று, எந்தத் தேதியில் மறு ஸ்கேன், எந்த வாரத்தில் அறுவை என்று எழுதிக் கொடுத்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். முடியும் தேதி இல்லாத கீமோதான் பிரச்சினை.

அந்த மரத்துப்போன பாதத்தைப் பற்றி மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் பழைய மருந்தையே மறுபடி எழுதிவிடலாம். ஆக்சாலிபிளாட்டின் உண்டாக்கும் நரம்புச் சேதம் கூடிக்கொண்டே போகும், சர்க்கரை நோய் அதை மேலும் மோசமாக்கும். செருப்பு கழன்றது தெரியாதவருக்கு அடுத்து சட்டைப் பொத்தான் போட வராது. மாற்று மருந்து இருக்கிறது.

இன்னொன்று, மரபணுச் சோதனைகளுக்குப் புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. முதல் அறுவையில் எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டை அந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் இருக்கும். கே.ராஸ், என்.ராஸ், பி.ராஃப், எம்.எஸ்.ஐ. ஆகிய நான்கையும் அதிலேயே பார்க்கலாம். எம்.எஸ்.ஐ. என்பது செல்லின் மரபணுப் பிழைதிருத்தும் வேலை பழுதாகியிருப்பதைக் காட்டும்; அது அதிகம் என்று வந்தால் கீமோவைவிட, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் நன்றாக வேலை செய்யும், திட்டமே மாறிவிடும். பி.ராஃப் மாற்றம் இருந்தால் நோய் வேகமானது, அறுவைக்கு முன் இன்னும் யோசிப்போம். இந்த முடிவுகள் உங்களுக்கும் தேவை. எம்.எஸ்.ஐ. அதிகமாக இருந்தால் பரம்பரை வகையா என்று தேட வேண்டும். அப்படியானால் உங்களுக்கு இப்போதே பெருங்குடல் பரிசோதனை தொடங்க வேண்டிவரும். இல்லாவிட்டாலும், அப்பாவுக்கு அறுபதுக்குள் வந்ததால் நீங்கள் நாற்பது வயதில் தொடங்க வேண்டும்.

கத்தி, சூடு, கதிர்

“லேசர்” என்று நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு சிகிச்சைகள் கலந்திருக்கின்றன: ஊசி வழியே நுண்ணலைச் சூடு கொடுத்துக் கட்டியைப் பொசுக்குவது ஒன்று, வெளியில் இருந்து குறிவைத்துக் கதிர் பாய்ச்சுவது மற்றொன்று.

அறுவை என்றதும் கல்லீரலில் பாதியை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆறாவது பிரிவு வலப்பக்கக் கீழ் ஓரம். கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து ஆப்பு மாதிரி வெட்டி எடுத்தால் போதும். பல நேரம் துளை வழியாகவே முடியும். 1 செ.மீ. விளிம்பு கிடைத்தால் நல்லது, 1 மி.மீ. சுத்தமாக இருந்தாலும் ஏற்கிறோம். அறுவையின்போது கல்லீரலின் மேலேயே அல்ட்ராசவுண்டு வைத்து முழுக்கத் தேடுவார்கள்; எம்.ஆர்.ஐ.யிலும் தப்பியது அப்போது சிக்குவது உண்டு. கொஞ்சமாக எடுப்பதில் இன்னொரு லாபம்: நோய் திரும்பினால் மறுபடி வெட்ட இடம் மிச்சமிருக்கும். ஆபத்துகள்: ரத்தப்போக்கு, பித்தக் கசிவு, தொற்று. கல்லீரல் அறுவையில் உயிரிழப்பு அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு. இவ்வளவு சிறிய துண்டுக்கு அதைவிடக் குறைவு. 61 வயது தடையே இல்லை. இதயம், நுரையீரல், மூன்று மாத சர்க்கரைச் சராசரி, இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறாரா என்பதுதான் கேள்வி.

சுடும் முறை 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு. 2025-இல் வெளியான, நெதர்லாந்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், இந்த அளவுப் பரவல் உள்ள 296 பேரை அறுவைக்கும் சுடுவதற்கும் பிரித்துப் பார்த்தார்கள். ஆயுளில் சுடுவது பின்தங்கவில்லை, சிக்கல்கள் குறைவு. ஆகவே உங்கள் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. ஆனால் இடம் பார்க்க வேண்டும். பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடும், ஓரம் வேகாது. ஆறாவது பிரிவுக்கு அடியிலேயே பெருங்குடல் வளைவும் சிறுநீரகமும் இருக்கின்றன. குடல் ஒட்டியிருந்தால் இடையில் திரவம் செலுத்தி விலக்கிவிட்டுத்தான் சுட வேண்டும். முடிந்ததும் எடுக்கும் படத்தில் வெந்த பகுதி கட்டியைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ., முடிந்தால் 10 மி.மீ. பெரிதாக இருக்கிறதா என்று கேளுங்கள். செய்பவர் இதை அளந்து சொல்லவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது. சுட்டால் பரிசோதனைக்குத் திசுவும் கிடைக்காது.

கதிர்வீச்சு, மூன்று முதல் ஐந்து அமர்வில் முடியும் குறிவைத்த வகை, இந்த இரண்டும் முடியாதபோது என் தேர்வு. கல்லீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓரிரு செ.மீ. மேலும் கீழும் போகும். அந்த அசைவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லாத இடத்தில் செய்துகொள்ளக் கூடாது. இணையத்தில் நீங்கள் படித்த “42-க்கு 18” என்பது ஒன்று முதல் ஐந்து பரவல் உள்ள 99 பேரின் ஆய்வு: எல்லாப் புள்ளிக்கும் கதிர் கொடுத்தவர்களில் ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 42.3 விழுக்காடு, மற்றவர்களில் 17.7. நம்பிக்கையான முடிவுதான். பல வகைப் புற்றுநோய் கலந்த சிறிய ஆய்வு என்பதையும், கதிர் வாங்கிய 66 பேரில் 3 பேரின் இறப்புக்குச் சிகிச்சையே காரணமாகக் கருதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மார்பகப் புற்றுநோயில் மட்டும் இதே கேள்வியைச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. ஒரு நோயின் எண்ணை இன்னொரு நோய்க்குக் கடன் வாங்க முடியாது.

அப்பாவிடம்

கொழுப்புக் கட்டிக்கு யாரும் கல்லீரலை வெட்ட மாட்டார்கள், இது அப்பாவுக்கும் தெரியும். ஏற்கெனவே 8 சுற்று கீமோ பார்த்தவர், சி.இ.ஏ. என்றால் என்ன என்று அவருக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுவைக்கும் கீமோவுக்கும் ஒப்புதல் கையெழுத்து அவருடையது. நோய் என்னவென்று தெரியாமல் போடும் கையெழுத்து செல்லாது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். மறைப்பதால் நடைமுறைத் தீங்கும் உண்டு: காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும், மரப்பு கூடினால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தன் நோயை அறிந்தவருக்குத்தான் உறைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். “அப்பா, ஸ்கேன்ல வந்ததப் பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேக்கறீங்களா, இல்ல நான் கேட்டு வந்து சொல்லட்டுமா?” என்று தொடங்குங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டிவிடுவார். ஆண்டுக் கணக்கைக் கேட்டால் ஒழிய எண்களைச் சொல்லாதீர்கள். “குடல்ல இருந்தது கல்லீரல்ல ஒரு எடத்துல வந்திருக்கு, அத எடுக்க முடியுமான்னு பாக்கப் போறோம்” என்பது முழு உண்மை, பொய் ஒன்றும் அதில் இல்லை. அம்மாவும் சித்தப்பாவும் அன்று அதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும்; ஆளுக்கொரு கதை சொன்னால் அவர் யாரையும் நம்ப மாட்டார்.

திங்கட்கிழமைக்குள்

முதலில், கீமோ குறித்த மருத்துவரிடமே போங்கள், ஒளித்து வேறு இடம் ஓட வேண்டாம். “இது அறுவை செய்யக்கூடியதா என்று கல்லீரல் அறுவை நிபுணர் பார்த்தாரா? பல துறை மருத்துவர்கள் கூடும் கூட்டத்தில் அப்பாவின் படங்களை வைத்தீர்களா?” இந்த இரண்டு கேள்வி போதும். நல்ல மருத்துவர் இதில் கோபப்பட மாட்டார். இரண்டாவது கருத்து கேட்பதும், பதிவேடுகளின் நகலைப் பெறுவதும் நோயாளியின் உரிமை.

கையில் இருக்க வேண்டியவை: சி.டி., பெட் இரண்டின் குறுந்தகடு (அச்சடித்த படச்சுருளில் அறுவை நிபுணர் எதையும் அளக்க முடியாது), இரண்டு ஆண்டுக்கு முந்தைய சி.டி.யின் குறுந்தகடு, முதல் அறுவையின் குறிப்பும் நோய்க்குறியியல் அறிக்கையும், மெழுகுக் கட்டைக்கான வேண்டுகோள் கடிதம், எட்டு சுற்றிலும் என்ன அளவு மருந்து ஏறியது என்ற தாள், சி.இ.ஏ. முடிவுகள் தேதியோடு. சி.இ.ஏ.வை அடுத்த முறையும் அதே ஆய்வகத்தில் எடுங்கள். ஆய்வகம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

திங்கட்கிழமைக்குள் எம்.ஆர்.ஐ.க்கு இடம் கிடைக்காவிட்டால் கீமோவை ஒரு வாரம், பத்து நாள் தள்ளிவைக்கக் கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த 2.3 செ.மீ. புள்ளி பத்து நாளில் கைமீறிப் போகாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு. மஞ்சள் காமாலை, தொடர் காய்ச்சல், வாந்தியோடு வயிறு வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் இந்தத் திட்டம் எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்து, புள்ளி ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலே எழுதியதில் பாதி மாறும். அப்போது எண்ணிக்கையையும், எந்தெந்தப் பிரிவில் என்பதையும் குறித்து மறுபடி எழுதுங்கள்.